கன்று மாறுவது வேறு, மந்தை மாறுவது வேறு: கொங்கு வகுப்பறைக்குச் சில சூழலியல், பரிணாமச் செயல்பாடுகள்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பள்ளிகளில் பரிணாமப் பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை எழுந்து இப்படிக் கேட்டால் ஆசிரியர் மகிழ வேண்டும்: “ஏனுங் டீச்சர், எங்க கட்டுத்தரையில கன்னுக்குட்டி செவலையாப் பொறந்து அப்புறம் மயிலையாயிடுதுங்களே, அதுவும் பரிணாமந்தானுங்களா?”

இல்லை. ஆனால் அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஏறத்தாழ 6 மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அது ஒரு மாட்டின் வளர்ச்சி. அதன் கன்றும் செவலையாகத்தான் பிறக்கும், அதுவும் மயிலையாகத்தான் மாறும். மந்தையில் எதுவும் மாறவில்லை. அதே பட்டியில், திமிலும் கொம்பும் நடையும் பார்த்துச் சில காளைகளை மட்டும் தலைமுறை தலைமுறையாக இனவிருத்திக்கு விட்டால், ஒரு மாடுகூடத் தன்னை மாற்றிக்கொள்ளாமலே மந்தை மாறிவிடும். பழையகோட்டைப் பட்டக்காரர் என்னும் நிலக்கிழார் குடும்பத்தின் மந்தை அப்படித் தேர்ந்தெடுத்து உருவானதுதான். மாறுவது உயிரினத் தொகுதி, தனி உயிர் அல்ல. இந்த ஒன்று பிடிபட்டால் மீதிப் பாடம் தானாக நகரும். பிடிபடாவிட்டால் எத்தனை விளையாட்டு நடத்தினாலும் பிள்ளைகள் தவறான முடிவோடுதான் வீட்டுக்குப் போவார்கள்.

இதில் நம் மொழியும் காலை வாருகிறது. ‘பாலைச் செடி இலையை முள்ளாக மாற்றிக்கொண்டது’, ‘பூச்சி சூழலுக்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது’ என்று எழுதிப் பழகிவிட்டோம். தமிழில் ‘கொள்’ என்ற துணைவினை சேர்ந்தால், செய்தவர் தனக்காக அறிந்து செய்தார் என்ற பொருள் பல இடங்களில் ஒட்டிக்கொள்ளும். சட்டை போட்டுக்கொண்டான் என்பதுபோல் செடி முள்ளைப் போட்டுக்கொண்டது என்று பிள்ளை நினைப்பது பிள்ளையின் பிழையல்ல. ‘முள் கூடுதலாக இருந்த செடிகளை ஆடு விட்டுவைத்தது, மறு பருவம் முளைத்தவை அவற்றின் விதைகள்’ என்று சொல்லிப் பாருங்கள். வாக்கியம் கொஞ்சம் நீளும், தவறு நுழையாது. ‘பரிணாம வளர்ச்சி’ என்ற சொல்லில் உள்ள ‘வளர்ச்சி’யும் இதே கோளாறுதான்: கீழிலிருந்து மேலே ஏறும் ஏணி மனதில் வந்துவிடும். ‘பரிணாமம்’ என்பதே போதும்.

இனி வரும் செயல்பாடுகள் எல்லாம் எண்ணிப் பார்க்கும் வேலைகள். எண்ணாமல் செய்தால் அவை வெறும் விளையாட்டுத்தான்.

செம்மண்ணில் மக்காச்சோளம்

வண்ணத் தாளைத் தரையில் தூவிப் பொறுக்கும் இயற்கைத் தேர்வு விளையாட்டு உலகமெங்கும் உண்டு. நமக்கு வண்ணத் தாள் வேண்டாம். கொங்கில் செம்மண்ணும் கரிசலும் ஒரே வட்டாரத்திலேயே மாறி மாறி வருகின்றன. இரண்டு மண்ணும் கிடைப்பது இந்தப் பாடத்துக்கு வாய்த்த கொடை.

தேவையானவை: மக்காச்சோள மணிகள் 360, அதாவது 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. நன்றாகச் சலித்த செம்மண் 12 கிலோ, கரிசல் 12 கிலோ. இரண்டு கோணிச் சாக்கு. கெட்டியான சோற்றுக் கஞ்சி ஒரு டம்ளர். மணிகளில் 120ஐக் கஞ்சியும் செம்மண் பொடியும் குழைத்த சேற்றில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். இன்னொரு 120ஐக் கரிசல் சேற்றில் புரட்டுங்கள். மீதி 120 மஞ்சளாகவே இருக்கட்டும். வெயிலில் சட்டென்று காயவைத்தால் பூச்சு வெடித்து உதிரும். முதல் நாள் மாலையே செய்து வைப்பது நல்லது.

சாக்கை விரித்து ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் செம்மண்ணை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, பலகையால் தட்டி இறுக்குங்கள். இறுக்காவிட்டால் மணி மண்ணுக்குள் அமுங்கிவிடும். பிறகு தப்பியது நிறத்தாலா, புதைந்ததாலா என்று சொல்ல முடியாது. மண் காய்ந்திருக்க வேண்டும். ஈரச் செம்மண் அடர்நிறமாகிவிடும். உலர்ந்த பூச்சு அதன்மேல் வெளிறித் தெரியும். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாகச் செம்மணிகளே முதலில் மாட்டும். மழை நாளில் இந்தச் செயல்பாடு கெடுவதற்கு இதுதான் காரணம்.

நிறத்துக்கு 40 வீதம் 120 மணிகளைத் தூவுங்கள். அப்போது, மணிகளைப் பொறுக்கும் ‘பறவைகளாக’ நடிக்கும் பிள்ளைகள் மூவரும் முதுகு காட்டி நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் 30 மணி எடுக்க வேண்டும். விதி: ஒரு முறைக்கு ஒரு மணி, எடுத்ததும் திரும்பிப் போய்ப் பின்னால் உள்ள டம்ளரில் போட்டுவிட்டு வர வேண்டும். இந்த நடை அவசியம். அது இல்லாவிட்டால் ஒரே மூலையில் உட்கார்ந்து கைக்கு எட்டுவதையெல்லாம் அள்ளுவார்கள். கண்ணால் தேடுவது நின்று கையால் தடவுவது தொடங்கிவிடும்.

90 போனால் 30 மிஞ்சும். ஒவ்வொரு மணிக்கும் அதே நிறத்தில் 3 குஞ்சு சேர்த்தால் மீண்டும் 120. எடுத்துக்காட்டாக, முதல் சுற்றில் சிவப்பு 17, கறுப்பு 10, மஞ்சள் 3 மிஞ்சினால், அடுத்த தலைமுறை 68, 40, 12. இரண்டாம் சுற்றில் 21, 8, 1 மிஞ்சினால் 84, 32, 4. எண்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிள்ளைகள் வரைபடம் போடட்டும்.

பலரும் இங்கே ஒரு சுருக்குவழி எடுப்பார்கள். தின்றதை எண்ணிக் கழித்துவிட்டு, மிஞ்சிய மணிகளை இருந்த இடத்திலேயே விட்டு, குஞ்சுகளை மட்டும் தூவுவார்கள். வேலை மிச்சம்தான். ஆனால் ஒரு கட்டிக்குப் பின்னால் கிடக்கும் மஞ்சள் மணி மூன்று சுற்றும் அங்கேயே தப்பும். அது இடத்தால் தப்பியது, நிறத்தால் அல்ல. எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக் கலந்து மறுபடி தூவுவதே சரி. நேரம் பிடிக்கும். நாலு சுற்றுக்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள்.

நாலாவது சுற்று முடிந்ததும், மிஞ்சிய அந்தத் தொகுதியை அப்படியே கரிசல் சாக்கில் தூவி மறுபடி தொடங்குங்கள். செம்மண்ணில் செழித்த சிவப்பு இப்போது வரிசையாக மாட்டும். சில மணிகளாக ஒடுங்கிப்போன கறுப்பு மெல்ல ஏறும். ‘எது சிறந்த நிறம்?’ என்று கேளுங்கள். ‘எந்த மண்ணில்?’ என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் பாடம் முடிந்தது. கறுப்பு முழுவதும் அழிந்த பிறகு கரிசலுக்கு மாற்றிய குழு இருந்தால் அதையும் எல்லோருக்கும் காட்டுங்கள்: தேவை எவ்வளவு இருந்தாலும் இல்லாத நிறம் தானாக வராது.

கண்ணை மூடிய பறவை

இந்த விளையாட்டை நடத்தும் வகுப்புகள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல், நிறம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

அதே 120 மணிகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கலக்கி, பார்க்காமல் 90ஐ எடுத்துவிடுங்கள். மிஞ்சிய 30ஐ நாலு மடங்காக்குங்கள். இங்கே எந்த நிறத்துக்கும் சலுகை இல்லை. ஆனாலும் 10, 10, 10 என்று வராது. 13, 9, 8 என்பதுபோல் ஏறி இறங்கும். மண்மேல் நடந்த மாற்றம் இந்த ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிதா, அதுவும் சுற்றுக்குச் சுற்று ஒரே திசையிலா என்று பார்த்தால்தான் தேர்வு நடந்தது என்று சொல்லலாம்.

பிறகு பையில் நிறத்துக்கு 4 வீதம் 12 மணி மட்டும் போடுங்கள். பார்க்காமல் 9ஐ எடுத்து 3ஐ விடுங்கள். இந்தக் கணக்கை மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளே போடலாம்: 12இல் 3ஐ எடுக்க 220 வழி, மூன்றும் மூன்று நிறமாக அமைய 64 வழி. ஆக, பத்தில் ஏழு முறை முதல் சுற்றிலேயே ஒரு நிறமாவது காணாமல் போய்விடும். யாரும் வேட்டையாடவில்லை, எந்த நிறமும் தாழ்ந்ததில்லை. தொகுதி சிறியது, அவ்வளவுதான். காட்டில் நாலு மரம் மிஞ்சியிருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பையைவிடத் தெளிவான பதில் கிடையாது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே

கொங்கு நாட்டுப் பிள்ளைக்குக் கணவாயை விளக்க வேண்டியதில்லை. ஆடிக் காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுவதும் அதனால்தான். மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி. வடக்கே நீலகிரி, தொட்டபெட்டா 2637 மீட்டர். தெற்கே ஆனைமலை, ஆனைமுடி 2695 மீட்டர்.

சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் 1400 மீட்டருக்கு மேலுள்ள பகுதியை மட்டும் பச்சையாக வண்ணமிடச் சொல்லுங்கள். வரைபடத்தில் தீவுகள் தோன்றும். குளிர்ந்த சோலைக்காட்டில் வாழும் சிறு பறவைக்குக் கீழே உள்ள வெக்கையான சமவெளி கடல்போலத்தான்; தாண்டாது. அதனால்தான் கணவாய்க்கு இரு பக்கமும் நெருங்கிய உறவுள்ள, ஆனால் தனித்தனி இனங்கள் இருக்கின்றன. சோலைக்கிளி எனப்படும் நீலநிறச் சிறு பறவையில் வடக்கு இனத்துக்கு விலாவில் செம்பழுப்பு உண்டு, தெற்கு இனத்துக்கு அது கிடையாது. சிரிப்பான் பறவையிலும் நீலகிரிக்கு ஓர் இனம், பழனி மலைக்கு வேறோர் இனம்.

இதை மணிகளால் செய்யலாம். 40 பேர் வகுப்பை நால்வர் கொண்ட 10 குழுவாக்குங்கள். குழுவுக்கு இரண்டு பை, பைக்கு 12 மணி: ஒன்று நீலகிரி, ஒன்று ஆனைமலை. ஐந்து குழுக்கள் இரு பைகளுக்கும் தொடர்பே இல்லாமல் ஐந்து சுற்று நடத்தட்டும். மற்ற ஐந்து குழுக்கள் ஒவ்வொரு சுற்றிலும் மணிகளைப் பெருக்கிய பிறகு, பார்க்காமல் 2 மணிகளை ஒரு பையிலிருந்து மற்றதற்கு மாற்றிக்கொள்ளட்டும். தொடர்பில்லாத பைகள் பெரும்பாலும் வெவ்வேறு நிறத்தில் போய் நிற்கும். மாற்றிக்கொண்ட பைகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். ஒரே ஒரு குழுவை வைத்து முடிவு சொல்லக் கூடாது. தொடர்பில்லாத இரண்டு பையும் தற்செயலாக ஒரே நிறத்தில் முடிவதும் உண்டு. பத்துக் குழுவின் முடிவையும் பலகையில் சேர்த்துப் பார்த்தால்தான் உருவம் தெரியும்.

‘மருந்துக்குப் பூச்சி பழகிப்போச்சு’

தோட்டத்து வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காத பிள்ளை இருக்காது. பழகியது எந்தப் பூச்சி? மருந்து பட்டது செத்துப்போயிற்றே. இந்தப் பேச்சைக் கரும்பலகையிலேயே பிரித்துக் காட்டலாம்.

100 புழு. 98 சாதாரணம், 2 மட்டும் பிறவியிலேயே மருந்தைத் தாங்கும். மருந்து சாதாரணப் புழுவில் பத்துக்கு ஒன்பதைக் கொல்லும். முதல் தெளிப்பு: 98இல் சுமார் 10 மிஞ்சும், தாங்குபவை 2. இவை எட்டு மடங்கானால் 80, 16. இரண்டாம் தெளிப்பு: 8, 16. நாலு மடங்கானால் 32, 64. மூன்றாம் தெளிப்பில் சாதாரணப் புழு 3 மிஞ்சும். தாங்கும் புழு 64உம் அப்படியே இருக்கும். மருந்து அதேதான், அளவும் அதேதான், தோட்டக்காரர் கண்ணுக்கு வேலை செய்யாத மருந்து. எந்தப் புழுவும் பழகவில்லை; தாங்காதவை போய்விட்டன. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002இல் அனுமதி கிடைத்தது. 2010க்குள்ளேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதன் ஒற்றை மரபணு வகையைத் தாங்கி நின்றது உறுதியாயிற்று. பாடநூலில் டார்வின் 1859 என்று படிக்கும் பிள்ளைக்கு, அதே வேலை பருத்திக் காட்டில் எட்டு ஆண்டில் நடந்தது தெரிய வேண்டும்.

தென்னங்கீற்றின் அடிப்பக்கம்

சூழலியலில் ‘ஒட்டுண்ணி’, ‘இயற்கை எதிரி’ என்ற சொற்கள் மனப்பாடமாக நின்றுவிடுகின்றன. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்தில் இவற்றைக் கண்ணாலேயே காட்டலாம். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் தென்பட்டதே பொள்ளாச்சி வட்டாரத்தில், 2016இல். கீற்றின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு, மெழுகுப் பஞ்சு பூத்து, கீழே உள்ள ஓலையில் கரும்பூசணம் படரவைக்கும் பூச்சி. அதன் குஞ்சுக்குள் முட்டையிடுவது என்கார்சியா என்னும் மிகச் சிறு குளவி.

அடிமட்டத்து முதிர்ந்த ஓலையிலிருந்து, 5 மரத்தில் மரத்துக்கு 2 கீற்று எடுங்கள். இளம் ஓலை வேண்டாம். அதில் ஈ இன்னும் வெளியேறியிருக்காது. மெழுகை மெல்லிய ஓவியத் தூரிகையால் தள்ளிவிட்டு, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் பாருங்கள். காலியான கூடுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அவற்றில் இரண்டு விதத் திறப்பு தெரியும். வெள்ளை ஈ வெளியே வந்த கூடு ‘டி’ எழுத்துப்போல் பிளந்திருக்கும். குளவி கடித்து வெளியேறிய கூட்டில் ஊசியால் குத்தியதுபோல் வட்டத் துளை இருக்கும். முதல் முறை அந்த வட்டத்தைக் கண்டுபிடிக்கும் பிள்ளை லென்ஸை அடுத்தவருக்குக் கொடுக்காது, பொறுமையாக இருங்கள்.

கீற்றுக்கு மூன்று இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போட்டு, உள்ளே உள்ள இரண்டு வகையையும் எண்ணுங்கள். வட்டத் துளை எண்ணிக்கையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் குளவி பிடித்த விழுக்காடு. திறக்காத கூடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உள்ளே ஈயா குளவியா என்று வெளியிலிருந்து உறுதி சொல்ல முடியாது. மருந்தடித்த தோப்பு, அடிக்காத தோப்பு இரண்டிலும் எடுத்து ஒப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. பூச்சிக்கொல்லி குளவியையும் சேர்த்தே கொல்லும் என்பதால்தான் இந்த ஈக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று வேளாண் துறையினர் சொல்கிறார்கள். கோவையில் 2008இல் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி வரை பரவி ஆட்டிவைத்ததும், 2010இல் இறக்குமதி செய்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளால் அடங்கியதும் இங்குள்ள பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லலாம்.

இட்டேரியில் இருபது மீட்டர்

பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் சதுரக் கயிறு போட்டுச் செடி எண்ணுவது நல்ல தொடக்கம்தான். சதுரத்தை ‘கண்ணை மூடி எறி’ என்றால் மட்டும் பிள்ளைகள் பச்சை இருக்கும் பக்கமாகவே எறிவார்கள். மைதானத்தைக் கட்டம் பிரித்து, சீட்டுக் குலுக்கி இடம் தேர்ந்தெடுங்கள். ஆனால் கொங்கில் இட்டேரி இருக்கும்போது மைதானத்தோடு நிற்பது நட்டம். இரண்டு பக்கமும் கிளுவை, கள்ளி, பிரண்டை, கோவைக்கொடி, கற்றாழை என்று பின்னிக்கிடக்கும் அந்தத் தடம் ஒரு முழுப் பாடநூல். அதை ஒட்டிக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இருந்தால் இன்னும் சிறப்பு: கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேலம், சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் மேயும் மாடும் ஆடும்.

ஒரு கிளுவை வேலியில் 20 மீட்டர், ஒரு கம்பி வேலியில் 20 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். 2 மீட்டருக்கு ஒரு நிறுத்தம், ஆக பத்து நிறுத்தம். ஒவ்வொன்றிலும் 2 நிமிடம் அசையாமல் நின்று செடி வகை, பூ, பூச்சி, சிலந்தி வலை, ஓணான், பறவை ஆகியவற்றை எழுத வேண்டும். இரண்டு வேலியையும் ஒரே காலையில், 7இலிருந்து 9 மணிக்குள் முடியுங்கள். ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியத்திலும் பார்த்தால் வேலியை அல்ல, வெயிலை ஒப்பிடுவீர்கள். பார்வை கூர்மையான பிள்ளை இருக்கும் குழு எப்போதும் கூடுதலாக எழுதும். ஐந்தாவது நிறுத்தத்தில் குழுக்களை வேலி மாற்றுங்கள்.

பெயர் தெரியாத செடிக்கு அங்கேயே நிற்க வேண்டாம். ‘செடி 1’, ‘செடி 2’ என்று எண் கொடுத்து ஓர் இலையைக் குறிப்பேட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சிக்கு வேண்டியது எத்தனை வகை என்பதுதான். பெயரை மாலையில் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கலாம். ஆடு எதைத் தின்னும், எதைத் தொடாது என்பதும் சேர்ந்தே வரும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளுவை முள் கிழிக்கும், வேலியடியில் பாம்பு இருக்கும். கையை உள்ளே விடக் கூடாது, காலில் செருப்பல்ல, ஷூ வேண்டும்.

வகுப்புக்கு வந்ததும் நிறுத்தம் நிறுத்தமாகப் புதிதாகச் சேர்ந்த வகைகளை மட்டும் கூட்டி வரைபடம் போடுங்கள். கம்பி வேலியின் கோடு சீக்கிரமே படுத்துவிடும். இட்டேரிக் கோடு பத்தாவது நிறுத்தத்திலும் ஏறிக்கொண்டே இருந்தால், 20 மீட்டர் போதவில்லை என்று பொருள். இன்னும் நடக்க வேண்டும். தார்ச்சாலை அகலமாக்கவும் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கவும் இந்த வேலிகள் வேரோடு பெயர்க்கப்படும்போது என்ன போகிறது என்பதை அந்த இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம் சொல்கிறது. அந்தத் தூரத்தைப் பிள்ளைகள் தங்கள் கையால் வரைந்திருப்பது முக்கியம்.

முதல் நிறுத்தத்தில் ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு பூசி அடையாளம் வையுங்கள். அதே பத்து இடங்களை ஆடிக் காற்றில் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை எண்ணி, குறிப்பேட்டைப் பள்ளி அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே கல்லிலிருந்து தொடங்கட்டும்.